அப்பாவின் வலியும் சித்தப்பாவின் வலியும்

ஜெரால்டு,

ஊறுகாய் பாட்டிலைச் சுற்றிய பழைய துண்டுக்குள் இந்தக் கடிதத்தை மடித்து வைத்திருக்கிறேன். நீ மஸ்கட் போய்ச் சேர்ந்து, உன் கட்டில் எது என்று காட்டிவிட்டு மற்றவர்கள் வேலைக்குக் கிளம்பிய பிறகு தனியாக இருந்து பிரிப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். வீட்டில் வைத்து இதைப் பேச எனக்கு வாய் வரவில்லை. ஒரு தாய் மகனிடம் பேசுகிற விஷயமே இல்லை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். உன் அப்பா உயிரோடு இருந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டார். அவர் பேசாமல் இருந்ததால் என்ன நடந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

போன மாதம் ஒரு நாள் நீ கேஸ் சிலிண்டரைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ஒரு கை அடிவயிற்றுக்குக் கீழே போயிற்று. நான் பார்ப்பது தெரிந்ததும் கையை எடுத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லம்மா, சுளுக்கிக்கிச்சு" என்றாய். அன்றைக்குச் சாயங்காலமே பந்து விளையாடப் போய்விட்டாய், சுளுக்காகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த ஒரு நொடி உன் முகம் போன போக்கு எனக்குத் தெரிந்த முகம். இந்த வீட்டில் இரண்டு ஆண்களிடம் அதைப் பார்த்திருக்கிறேன். முதலில் உன் அப்பாவிடம், பிறகு தேவராஜ் சித்தப்பாவிடம். சித்தப்பாவுக்கு வடக்கே நல்ல வேலை கிடைத்தது, அதனால்தான் பட்டாபிராமை விட்டுப் போனார் என்று உனக்குச் சொல்லி வளர்த்தோம். அது பாதிதான் உண்மை.

அப்பாவுக்கு வந்தபோது உனக்குப் பத்து வயதிருக்கும். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அவருக்கு மூல ஆபரேஷன் ஆகியிருந்தது. அதிலிருந்து தேறி, மறுபடி ரயிலேறி அம்பத்தூருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார். ஒரு நாள் மெஷின் முன்னால் நிற்க முடியவில்லை என்று முன்னதாகவே வந்துவிட்டார். நடையே மாறியிருந்தது, கால்களை அகட்டி அகட்டி வைத்தார். ஒண்ணுக்குப் போனால் எரிகிறது என்றார். மறுநாள் காய்ச்சல். அதற்கு அடுத்த நாள் விதைப்பையின் ஒரு பக்கம் சிவந்து, எலுமிச்சம்பழம் போல வீங்கிவிட்டது. வேட்டி பட்டால்கூட வலித்தது. உடம்புச் சூடு என்று பக்கத்து வீட்டில் வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார்கள். விளக்கெண்ணெய் தடவச் சொன்னார்கள். விதையில் நீர் கோத்து ஓதம் இறங்கியிருக்கும் என்றார் ஒருவர். கனமான இரும்பைத் தூக்கியதால் குடல் இறங்கிவிட்டது என்றார் இன்னொருவர். எல்லாவற்றையும் செய்து பார்த்த பிறகு, அப்பா தன் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு டாக்டரிடம் போனார்.

அந்த டாக்டரின் அறைக்குக் கதவு கிடையாது, ஒரு திரைதான். திரைக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் அப்பாவோடு வேலை செய்கிறவர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வெளியே பொம்பளைங்ககிட்ட போற பழக்கம் உண்டா?" அப்பா இல்லை என்றார். "பொய் சொன்னா மருந்து வேலை செய்யாது" என்று இன்னும் உரக்கச் சொன்னாராம். மூத்திரத்தைச் சோதிக்கவில்லை, முன்னால் ஏதாவது ஆபரேஷன் நடந்ததா என்று கேட்கவில்லை. ஒரு ஊசியைப் போட்டு அனுப்பிவிட்டார். மறுநாள் ஷிஃப்ட் முடிவதற்குள் விஷயம் தொழிற்சாலை முழுக்கப் பரவிவிட்டது. "இன்னா மாமே, எங்க போய் வாங்கினு வந்தே?" என்று கேட்டிருக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவர் பக்கத்தில் யாரும் தட்டு வைக்கவில்லையாம்.

அவர் என்னிடம் இதைச் சொன்னது அழுதுகொண்டேதான். கேட்டு முடித்ததும் ஒரே ஒரு தடவை கேட்டேன். "அப்படி ஏதாவது உண்டாங்க?" "மாதா மேல சத்தியமா இல்லமே" என்றார். நான் நம்பினேன். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் ஜெரால்டு, நான் அன்றைக்கே, அந்த இடத்திலேயே நம்பினேன். ஆனால் நான் நம்பிவிட்டேன் என்பதை அவர் நம்பவே இல்லை. அதற்குப் பிறகு நான் சும்மா அவரைத் திரும்பிப் பார்த்தால்கூட, "இன்னா பாக்கறே?" என்பார். ஒரு குடும்பத்துக்குள் சந்தேகம் வந்து கெட்டுப்போன கதைகள் கேட்டிருப்பாய். எங்களுக்குள் சந்தேகம் இல்லாமலே அந்தக் கேடு வந்து உட்கார்ந்துகொண்டது.

ஊசிக்கு வலி அடங்கவில்லை. காய்ச்சலில் உடம்பு நடுங்கியது. நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு அவரைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே மூத்திர நோய்களைப் பார்க்கும் டாக்டர் ஒருவர், நரைத்த தலை, மெதுவான பேச்சு. என்னை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் பரிசோதித்தார். பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டார். "ஆபரேஷன் அப்ப மூத்திரம் போக ட்யூப் வெச்சாங்களா?" என்று கேட்டார். மூல ஆபரேஷன் முடிந்த அன்று மூத்திரம் இறங்காமல் ட்யூப் போட்டு இரண்டு மூன்று நாள் வைத்திருந்தார்கள். அதை யாரும் அதுவரை கேட்கவே இல்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. அந்தக் குழாய் வழியாக உள்ளே போன கிருமி மூத்திரப் பையில் தங்கி, அங்கிருந்து பின்னோக்கி ஏறி விதைக்குப் போயிருக்கிறது என்றார். மூத்திரத்தைச் சோதனைக்கு அனுப்பினார். சீழ் இருந்தது, அவர் சொன்ன அதே மாதிரிக் கிருமியும் வளர்ந்தது.

ஒரு தாளில் படம் போட்டும் காட்டினார். விதைக்குப் பின்பக்கம் ஒரு மெல்லிய குழாய் நூல் சுருட்டியது போலச் சுருண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது, விந்து அதற்குள் தங்கித்தான் வெளியே வருகிறது. அந்தக் குழாய் வீங்குவதற்கு எபிடிடிமைட்டிஸ் என்று பெயர். அப்பா தயங்கித் தயங்கி, "அப்ப அந்த டாக்டர் கேட்டது தப்புதானே சார்?" என்றார். அவர் சொன்ன பதில் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "கேட்டது தப்பில்லைங்க. நானும்தான் உள்ளே உங்ககிட்ட கேட்டேன். வயசுப் பசங்களுக்கு இது பெரும்பாலும் அந்த வழியாத்தான் வருது, கேட்காம மருந்து குடுக்க முடியாது. கொஞ்சம் வயசானவங்களுக்கு மூத்திரக் கிருமியால, ட்யூப் வெச்சதால, அடைப்பு இருக்கறதால வரும். நம்ம ஊர்ல யானைக்கால் புழுவால வருது, டிபியாலகூட வருது. அவர் ஊருக்கே கேக்கற மாதிரி கேட்டதும், அந்த ஒரு கேள்வியோட நிறுத்திக்கிட்டதும்தான் தப்பு."

சில வாரம் மாத்திரை, படுக்கை, கீழே மடித்த துண்டு வைத்துத் தூக்கிக் கட்டுவது என்று அப்பா குணமானார். வீக்கம் வடிய மட்டும் நாளாயிற்று. உடம்புக்கு வந்தது அதோடு போய்விட்டது. அந்தத் திரைக்குப் பின்னால் கேட்ட கேள்வி போகவில்லை. தொழிற்சாலையில் வேறு பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். மாதா கோயிலில் ஆண்கள் பக்கம் முன்னால் நிற்கிறவர், கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்கத் தொடங்கினார்.

இப்போது சித்தப்பா. அப்பாவுக்கும் அவருக்கும் பதினைந்து வயதுக்கு மேல் வித்தியாசம். அப்பாதான் வளர்த்தார், ஐ.டி.ஐ. படிக்க வைத்தார். உன்னை சைக்கிள் பாரில் உட்கார வைத்து ரயில்வே சைடிங்கில் நிற்கும் மிலிட்டரி வண்டிகளைக் காட்டக் கூட்டிப்போவாரே, அந்தச் சிரித்த முகம் உனக்கு ஞாபகம் இருக்கும். அப்பாவுக்கு வந்து இரண்டு வருஷம் கழித்து, ஆவடியில் வேலைக்குச் சேர்ந்த கையோடு, வெள்ளானூரில் ரீட்டா என்ற பெண்ணை அவருக்கு நிச்சயம் செய்திருந்தோம். அவருக்கு இருபத்திரண்டு வயது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். நீ ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாய். தூங்கிக்கொண்டிருந்த சித்தப்பா திடுக்கென்று எழுந்து, மடங்கியபடியே கிணற்றடிக்குப் போய் வாந்தி எடுத்தார். என்னவென்று கேட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். அப்பா அவரை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, "எனக்கு வந்ததுதான் அவனுக்கும் வந்துகீது. பயப்பட ஒண்ணும் இல்ல" என்றார்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க. அன்னைக்குப் பார்த்த டாக்டர்கிட்டயே போலாம்" என்றேன்.

"போனா முதல்ல இன்னா கேப்பாங்க தெரியும்ல? எவனாவது தெரிஞ்சவன் அங்க குந்தினு இருப்பான். பரிசம் போட்டு இன்னும் ஒரு மாசம்கூட ஆவல. வெள்ளானூர்காரங்க காதுல உழுந்தா அவன் கதி? என்னைக் கேட்ட மாதிரி அவனைக் கேக்க உட மாட்டேன்."

"அவன் வாந்தி எடுக்கறானே. உங்களுக்கு வாந்தி இல்லியே."

"வலி தாங்காம எடுக்கறான். வுடு."

அவருக்கு அந்த மாத்திரையின் பெயர் மனப்பாடம். மருந்துக் கடையில் போய் வாங்கிவந்தார். தம்பியின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்து, தானே வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். துண்டை மடித்துத் தனக்கு வைத்தது போலவே வைத்துவிட்டார். நானும் நீயும் பூசைக்குப் போனோம். கூட நின்று கத்தியிருக்கலாம், அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டிருக்கலாம். போய்விட்டேன். சாயங்காலம் வலி குறைந்தது. சித்தப்பா கொஞ்சம் கஞ்சி குடித்தார். அப்பா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "பாத்தியா, மருந்து கேக்குது" என்றார். வலி குறைந்தது குணமானதால் இல்லை. உள்ளே அந்த விதையே செத்துப்போனதால்.

திங்கட்கிழமை வீக்கம் கறுத்து, காய்ச்சல் ஏறியது. செவ்வாய்க்கிழமை நான் யார் பேச்சையும் கேட்கவில்லை, ஆட்டோ வைத்து ஏற்றிவிட்டேன். பட்டணத்து ஆஸ்பத்திரியில் அதே நரைத்த தலை டாக்டர்தான். அவர் சித்தப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி அப்பா பயந்த கேள்வி இல்லை. "எப்ப ஆரம்பிச்சுது? திடீர்னா, கொஞ்சம் கொஞ்சமாவா?" என்றுதான் கேட்டார். தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்ட வலி என்று சித்தப்பா சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. மூத்திரம் எரிந்ததா என்றார், இல்லை. முதலில் காய்ச்சல் இருந்ததா, இல்லை. வாந்தி, ஆமாம். தொட்டுப் பார்த்துவிட்டு அப்பா பக்கம் திரும்பி, "எப்ப வந்திருக்கணும் நீங்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அது எபிடிடிமைட்டிஸ் இல்லை. விதை தொங்குகிற நரம்புக் கொடி தன்னைத் தானே முறுக்கிக்கொண்டு ரத்தம் போகும் வழி அடைபட்டிருக்கிறது. வெளியே பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும், அதே இடம், அதே வீக்கம், அதே சிவப்பு. முறுக்கை ஐந்தாறு மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். "எங்களுக்கே சில நேரம் எதுன்னு சந்தேகம் வரும். சந்தேகம் வந்தா திறந்து பாத்துடுவோம், காத்திருக்க மாட்டோம்" என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்து அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். மறு பக்கமும் முறுக்கிக்கொள்ளாமல் தைத்துவிட்டார்கள். ஒன்று போதும், கல்யாணம் செய்துகொள்ளலாம், பிள்ளை பிறக்கும் என்று டாக்டர் எங்கள் இருவர் முன்னாலும் தெளிவாகச் சொன்னார். அப்பா வராந்தாவில் தரையில் உட்கார்ந்துவிட்டார். தூக்கப்போன என் கையைத் தட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு, வெள்ளானூரில் சொல்ல வேண்டாம் என்றார் அப்பா. சித்தப்பா கேட்கவில்லை. "மறைச்சு கட்டிக்கினா அது எனக்குக் குடும்பமா இருக்காது அண்ணி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, தனியாகவே சைக்கிளில் போய் ரீட்டாவின் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாராம், காபி கொடுத்தாராம், தெருமுனை வரை வந்து வழியனுப்பினாராம். அந்த வாரக் கடைசியில் பரிசச் சேலை கோயில் உபதேசியார் கையில் திரும்பி வந்தது. டாக்டர் சொன்னதைச் சொல்லிப் புரியவைக்க நான் போனேன். "உங்க ஊட்டு ஆம்பளைங்களுக்கே அந்த எடத்துல ஏதோ கீதுன்னு பேசிக்கிறாங்க டீச்சர்" என்றார் அந்தப் பெண்ணின் அம்மா. அம்பத்தூரில் திரைக்குப் பின்னால் கேட்ட கேள்வி வெள்ளானூர் வரை நடந்து வந்திருந்தது.

சித்தப்பா வடக்கே போனது அதற்குப் பிறகுதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அவர் பெயரை எடுப்பதையே நிறுத்திவிட்டார். நான் பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். கோபம் என்று நீ நினைத்திருப்பாய். இல்லை, அவரால் தாங்க முடியவில்லை. தம்பியை எந்த அவமானத்திலிருந்து காப்பாற்ற நினைத்தாரோ, அதற்காகவே தம்பியின் உடம்பைக் கெடுத்துவிட்டோம் என்று அவருக்குத் தெரியும்.

போன வருஷம் அப்பாவை அடக்கம் செய்த அன்று சித்தப்பா ரயில் பிடித்து வந்து சேர்வதற்குள் குழியை மூடிவிட்டார்கள். நீ உறவுக்காரர்களை வழியனுப்பப் போயிருந்தபோது, அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து என்னிடம் கேட்டார், "அண்ணன் என்னைப் பத்தி கடைசில ஏதாவது சொல்லிச்சா அண்ணி?" ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல மனம் வரவில்லை. "இல்ல தேவா" என்றேன். அவர், "மாத்திரை குடுத்ததுக்கு எனக்கு அண்ணன் மேல கோவமே இல்ல. அதுக்கு இன்னா தெரியும், பாசத்துலதான குடுத்துச்சு. அப்பால ஒரு நாள்கூட என் மூஞ்சியப் பாக்கல பாருங்க, அதான்…" என்றார்.

உனக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். அந்த இடத்தில் வலி வந்தால், அது எந்த வலி என்று நீ முடிவு செய்யாதே. கூட இருக்கிறவன், எனக்கும் வந்தது, இந்த மாத்திரையில் போய்விட்டது என்றால் கேட்காதே. அவன் உன்மேல் உயிரையே வைத்திருந்தாலும் கேட்காதே. திடீரென்று வந்த வலியானால், வாந்தியும் சேர்ந்தால், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போ. சூப்பர்வைசர் லீவு தரவில்லை என்றால் வேலையை விட்டுவிட்டுப் போ. மெதுவாக வந்தாலும், எரிச்சலோ காய்ச்சலோ இருந்தாலும், அன்றைக்கே போ. என்றைக்கு ஆரம்பித்தது, எப்படி ஆரம்பித்தது, முன்னால் என்ன நோய் வந்தது, என்ன ஆபரேஷன் ஆயிற்று, எல்லாவற்றையும் கேட்காவிட்டாலும் நீயே சொல்.

அந்தக் கேள்வியையும் கேட்பார்கள். நீ போகிற இடத்தில் வீடு வாசலை விட்டு வந்த ஆண்கள்தான் இருப்பார்கள், தனிமையில் யார் எங்கே போவார்கள் என்று எனக்குத் தெரியாத வயசில்லை. கேட்டால் உண்மையைச் சொல். இல்லை என்றால் இல்லை என்று சொல். ஆமாம் என்றால் ஆமாம் என்று சொல், அதற்கும் மருந்து இருக்கிறது. உன் பதில் டாக்டருக்கு வேண்டும், எனக்கு வேண்டாம். நான் ஒரு நாளும் கேட்க மாட்டேன்.

இதை எழுதலாமா என்று சித்தப்பாவிடம்தான் கேட்டேன். பள்ளிக்கூடத்து போனுக்குக் கூப்பிட்டிருந்தார். அவர் சொன்னார், "எழுதுங்க அண்ணி. யாரோ ஒருத்தன்னு எழுதாதீங்க. என் பேரைப் போட்டே எழுதுங்க." போட்டிருக்கிறேன். அதனால் படித்ததும் இதைக் கிழித்துவிடாதே. உன் அறையில் இருக்கிற பிள்ளைகள் யார் கேட்டாலும் கொடு. தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளை இருந்தால் நீயே உட்கார்ந்து படித்துச் சொல். கதவைச் சாத்திவிட்டுச் சொல்.

உன் அம்மா